தொலைபேசி நிலையமும் படமொழியும்

ஒருவர் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்துகிறார். மறுமுனையில் மணி ஒலிக்கிறது. அங்குள்ளவர் எடுத்துப் பேசுகிறார். பேச்சு முடிந்ததும் இருவரும் வைத்துவிடுகின்றனர். தொலைபேசி என்பது இவ்வளவுதான் என்று பொதுமக்கள் கருதுவதில் வியப்பில்லை. ஆயின், இவ்விருவரையும் இணைத்துவைக்கும் நிலையத்தின் பக்கம் நின்று நோக்கினால், இதே செயல் பல கிளைகளாக விரிந்து நிற்பதைக் காணலாம். பாதி எண்ணை அழுத்தியதும் அழைப்பவர் மனம் மாறி வைத்துவிட்டால் என்ன செய்வது? மறுமுனையில் மணி ஒலிக்கும்போதே அவர் வைத்துவிட்டால்? அவர் வைக்கும் அதே நொடியில் மறுமுனையில் உள்ளவர் எடுத்துவிட்டால்? இருவரும் ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் அழைத்துக்கொண்டால்? இவை ஒவ்வொன்றுக்கும் நிலையம் முன்கூட்டியே விடை அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்விடைகளை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தொலைத்தொடர்புத் துறையினர் கண்ட விடை, கணினிக்கான கட்டளைகளை எழுதத் தொடங்குமுன் அமைப்பின் நடத்தை முழுவதையும் ஒரு படமாக வரைந்து, அப்படத்திலிருந்தே நிரலை உண்டாக்குவதாகும். மாதிரியை முதலாகக் கொண்ட மென்பொருள் ஆக்கம் என்று இதனைச் சொல்லலாம். வீடு கட்டுவோரும் முதலில் படம் வரைகின்றனர். ஆனால் வீட்டின் படத்தைக் கண்டு கொத்தனார் தம் கையால் கட்டவேண்டும். மென்பொருளிலோ, படம் போதிய அளவு தெளிவாக இருந்தால், கட்டும் வேலையையும் ஒரு பொறியிடமே ஒப்படைத்துவிடலாம். இவ்வேறுபாடே இம்முறையின் உயிர்நாடி.

கருவியிலிருந்து கட்டளைக்கு

தொடக்கத்தில் தொலைபேசி நிலையத்தின் மூளை மனித மூளையாகவே இருந்தது. பலகையின் முன் அமர்ந்த பணிப்பெண்கள் கம்பிகளைச் செருகி இணைப்புக் கொடுத்தனர். அமெரிக்காவில் பிணப்பெட்டி விற்று ஈமக்கடன் நடத்தும் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், மனிதர் உதவியின்றித் தானே இணைக்கும் பொறிக்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய நிலையம் இயங்கலாயிற்று. அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் நிலையத்தின் அறிவு முழுவதும் சுழலும் உறுப்புகளிலும் ரிலேக்களிலும் கம்பி இணைப்புகளிலும் அடங்கியிருந்தது. ஒரு புதிய வசதி வேண்டுமாயின் கம்பிகளை மாற்றவேண்டும்.

1965 மே மாதத்தில் நியூ ஜெர்சியின் சக்கசன்னா என்னும் ஊரில், பெல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய முதல் பெரிய மின்னணு நிலையம் பணியில் இறங்கிற்று. கம்பியில் இருந்த அறிவு அங்கே நினைவகத்தில் எழுதப்பட்ட நிரலாக மாறியது. இது பெரும் விடுதலை. ஏனெனில் நிரலைத் திருத்தினால் நிலையமே புதிதாகிவிடும். ஆயினும் விடுதலையோடு ஒரு தொல்லையும் உடன் வந்தது. கம்பியைக் கண்ணால் காணலாம், கையால் தொட்டுப் பார்க்கலாம். பல்லாயிரம் வரிகள் கொண்ட நிரலையோ, அதை எழுதியவரே சில திங்கள் கழித்துப் படித்தால் தடுமாறுவார்.

மற்ற நிரல்களுக்கும் தொலைபேசி நிலைய நிரலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சம்பளக் கணக்குப் போடும் நிரல் எண்களை வாங்கிக் கணக்கிட்டு விடையைத் தந்து ஓய்ந்துவிடும். நிலையத்தின் நிரலுக்கோ முடிவு என்பதே இல்லை. இரவும் பகலும், ஆயிரக்கணக்கானோர் முன்னறிவிப்பின்றி அனுப்பும் குறிப்புகளுக்கு, அவை எந்த வரிசையில் வந்தாலும், அது உடனுக்குடன் மறுமொழி தந்துகொண்டே இருக்கவேண்டும். இதற்குக் கணக்குப் போடும் திறம் மட்டும் போதாது.

நிலையும் நிகழ்ச்சியும்

இச்சிக்கலை அவிழ்க்கும் திறவுகோல் 'நிலை' என்னும் கருத்து. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்த ஒருவர், அதுவரை யார் எந்தக் காயை எப்படி நகர்த்தினர் என்பதைக் கேட்கவேண்டுவதில்லை. காய்கள் இப்போது நிற்கும் இடங்களையும், அடுத்து ஆடவேண்டியவர் யார் என்பதையும் அறிந்தால் போதும். இனி எது செய்யலாம், எது செய்யலாகாது என்பதை அவ்விருப்பே சொல்லிவிடும். நடந்தவற்றுள் இனிமேல் தேவைப்படுவதை மட்டும் சுருக்கி வைத்திருப்பதே நிலை.

ஒரு தொலைபேசிக்கும் இவ்வாறே சில நிலைகள் உண்டு. சும்மா இருக்கும் நிலை, எண்ணுக்காகக் காத்திருக்கும் நிலை, மணி ஒலிக்கும் நிலை, பேசும் நிலை என அவற்றை வகுக்கலாம். கருவியை எடுத்தல் என்னும் ஒரே நிகழ்ச்சி, சும்மா இருக்கும் நிலையில் நேர்ந்தால் 'ஒருவரை அழைக்க விரும்புகிறேன்' என்று பொருள்படும். மணி ஒலிக்கும் நிலையில் நேர்ந்தால் 'அழைப்பை ஏற்கிறேன்' என்று பொருள்படும். ஆகவே நிகழ்ச்சியை மட்டும் பார்த்து மறுமொழி தர இயலாது. நிலையையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 'இந்நிலையில் இந்நிகழ்ச்சி நேர்ந்தால் இதைச் செய்து அந்நிலைக்குச் செல்க' என்னும் வாய்பாடு இங்ஙனம் பிறக்கிறது. ஜார்ஜ் மீலி 1955-இலும் எட்வர்ட் மூர் 1956-இலும் இக்கருத்தைக் கணித வடிவில் நிறுவினர். அவ்விருவரும் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது.

படமொழி பிறந்த வரலாறு

நிலையங்களைச் செய்பவர் ஒருவர், வாங்கி நடத்துபவர் வேறொருவர். ஒரு நாட்டின் நிலையம் மற்றொரு நாட்டின் நிலையத்தோடு உரையாடவேண்டும். எனவே எல்லோரும் ஒன்றுபோல் புரிந்துகொள்ளும் ஒரு பொதுமொழி இன்றியமையாததாயிற்று. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உறுப்பாக அப்போது விளங்கிய தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு, நிரலால் இயங்கும் நிலையங்களைப் பற்றிய ஆராய்ச்சியை 1968-இல் தொடங்கியது. அதன் பயனாக 1976-இல் 'எஸ்.டி.எல்.' என்னும் விவரிப்பு மொழியின் முதல் வடிவத்தை வெளியிட்டது.

இம்மொழியின் எழுத்துகள் படங்களே. நிலையைக் குறிக்க ஓரம் வளைந்த பெட்டி; வரும் செய்தியைக் குறிக்க ஒரு பக்கம் உள்நோக்கி வெட்டிய பெட்டி; அனுப்பும் செய்தியைக் குறிக்க ஒரு பக்கம் அம்புபோல் வெளிநோக்கிக் கூர்ந்த பெட்டி; இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம்; செய்யும் வேலைக்கு நீள்சதுரம். இவற்றைக் கோடுகளால் இணைத்துவிட்டால் ஓர் உறுப்பின் முழு நடத்தையும் தாளில் வந்துவிடும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே ஒரு வரிசை உண்டு. பிறர் அனுப்பும் செய்திகள் வந்த முறைப்படியே அதில் நிற்கும். உறுப்பு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மறுமொழி தரும். நிரல் எழுதத் தெரியாத அதிகாரியும், எழுதும் பொறியாளரும் ஒரே படத்தின் முன் அமர்ந்து வாதாட இம்மொழி வழிவகுத்தது.

நான்காண்டுகளுக்கு ஒருமுறை இம்மொழி செப்பனிடப்பட்டது. 1988-இல் அதன் ஒவ்வொரு குறிக்கும் பொருள் என்ன என்பது கணித முறையில் வரையறுக்கப்பட்டது. இதன் சிறப்பு எளிதில் புலப்படாது. பொருள் வரையறுக்கப்படாத படம், பார்ப்பவருக்குத் தக்கபடி பொருள்தரும். வரையறுக்கப்பட்ட படமோ யார் பார்த்தாலும் ஒரே பொருளைத் தரும். கணினி பார்த்தாலும் அப்படியே. அதுவரை மனிதர் பேசிக்கொள்ள உதவிய படம், அன்றுமுதல் கணினிக்கும் விளங்கும் மொழியாயிற்று.

இதே காலத்தில், டேவிட் ஹாரெல் என்னும் அறிஞர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் நிலைகளுக்குள் நிலைகளை அடக்கும் முறையை விளக்கினார். பேசும் நிலைக்குள், மறுமுனையாரைக் காக்கவைத்திருத்தல், மூவர் கூடிப் பேசுதல் முதலிய உள்நிலைகள் இருக்கலாம். எந்த உள்நிலையில் இருந்தாலும் கருவியை வைத்தால் சும்மா இருக்கும் நிலைக்குத் திரும்பவேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வரையவேண்டுவதில்லை. வெளிப்பெட்டியிலிருந்து ஒரே கோடு போதும். 1997-இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட யு.எம்.எல். என்னும் படமொழியிலும் இம்முறை இடம்பெற்றது. அத்தரத்தை வெளியிட்ட ஓ.எம்.ஜி. அமைப்பு, படத்திலிருந்து நிரலுக்குச் செல்லும் வழியை 2001-இல் ஒரு கொள்கையாகவே வகுத்தது. எந்தக் கணினியையும் சாராத மாதிரி முதலில். குறிப்பிட்ட கணினிக்கு ஏற்ற மாதிரி அடுத்து. நிரல் இறுதியில் என்பது அக்கொள்கையின் சாரம்.

எழுத்தில் புகும் பிழை

இவ்வளவு பாடு எதற்கு? எண்ணத்தைச் சரியாக வைத்துக்கொண்டு நேரே நிரலை எழுதினால் ஆகாதா? இவ்வினாவுக்கு 1990 ஜனவரி 15 தக்க விடை தந்தது.

அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தன் நெடுந்தொலைவு வலையில் 114 பெரிய நிலையங்களை வைத்திருந்தது. 1989 டிசம்பரில் அவற்றில் திருத்திய நிரல் ஏற்றப்பட்டது. ஒரு நிலையத்துக்குக் கோளாறு நேர்ந்தால், சில நொடிகள் விலகி நின்று தன்னைச் சீர்செய்துகொண்டு மீண்டும் வரும். அது மீண்டதை அண்டை நிலையங்கள் தம் ஏட்டில் குறித்துக்கொள்ளும். ஏற்பாடு நல்ல ஏற்பாடே. ஆனால் 'சி' மொழியில் எழுதப்பட்ட அந்நிரலில், 'பிரேக்' என்னும் ஒரு கட்டளை இருக்கத்தகாத இடத்தில் இருந்தது. அண்டை நிலையம் ஏட்டில் குறித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணநேரத்திற்குள் இரண்டாவது செய்தி வந்து சேர்ந்தால், நிரல் வழிதவறி ஏட்டைக் கெடுத்துவிடும். உடனே அந்நிலையமும் தன்னைச் சீர்செய்துகொள்ள விலகும். மீண்டு வந்ததும் தன் அண்டை நிலையங்களுக்கு அதே தொல்லையைத் தரும். நியூயார்க்கில் தொடங்கிய இத்தொற்று நாடெங்கும் பரவி, ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் பெருந்தொகையான அழைப்புகளை நிறைவேறவொட்டாமல் தடுத்தது. பிழை ஏற்பாட்டில் இல்லை. அதை எழுத்தாக்கிய ஒரே ஒரு சொல்லில் இருந்தது.

படத்தை நிரலாக மாற்றும் வேலையைப் பொறியிடம் விட்டால் இவ்வகைப் பிழை புகும் வாயில் அடைபடும். மாற்றும் பொறியிலும் குறை இருக்கலாம் என்பது உண்மையே. எனினும் அது ஓரிடத்தில் இருக்கும் குறை. ஒருமுறை திருத்தினால் அப்பொறி ஆக்கும் எல்லா நிரல்களுக்கும் திருத்தியதாகும். ஆயிரம் கைகள் ஆயிரம் இடங்களில் செய்யும் பிழையைத் தேடுவது அத்தகையதன்று.

படத்திலேயே பிழை இருந்தால்?

பொறி நேர்மையானது; படத்தில் உள்ளதை உள்ளவாறே நிரலாக்கும். ஆகவே படம் பிழையாயின் நிரலும் அதே பிழையைப் பழுதின்றிச் செய்யும். இதற்கும் சான்று உண்டு.

இணையத்தின் வழியே செல்லும் தொலைபேசி அழைப்புகளை அமைக்கப் பெரிதும் பயன்படுவது 'சிப்' என்னும் நெறிமுறை. 2002-இல் வெளியான அதன் வரையறையில் நிலைப்படங்களும் இருந்தன. அழைக்கும் கருவி 'வருக' என்னும் பொருளில் ஒரு வேண்டுகோளை அனுப்பும். ஏற்கும் பக்கம் 'சரி' என்று விடை அனுப்பும். விடை அனுப்பியவுடன் அவ்வேண்டுகோள் பற்றிய கணக்கை முடித்துவிடலாம் என்று படம் சொன்னது. ஆனால் வேண்டுகோளின் மறுபடி ஒன்று வழியில் தாமதித்துப் பின்னர் வந்து சேர்ந்தால்? கணக்கு முடிந்துவிட்டமையால் அதைப் பழையது என்று அறியும் வழியில்லை. புதிய வேண்டுகோள் என்றே கொள்ள நேரும். இக்குறையைத் திருத்தும் ஆவணம் 2010-இல் வெளிவந்தது. 'ஏற்கப்பட்டது' என்னும் புதிய நிலை ஒன்று படத்தில் சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவுப்படி 32 நொடி அந்நிலையில் காத்திருந்து, தாமதித்து வரும் மறுபடிகளை அடையாளம் கண்டு விலக்குவதே அதன் வேலை. எட்டாண்டுகள் எத்தனையோ கண்கள் பார்த்த படத்தில் ஒரு பெட்டி குறைந்திருந்தது.

எஸ்.டி.எல். மொழியிலும் இதுபோன்ற ஒரு கண்ணி உண்டு. ஒரு நிலையில் எதிர்பாராத செய்தி வந்து, அதற்கு அங்கே வழி வரையப்படாமல் இருந்தால், அச்செய்தி ஓசையின்றிக் கைவிடப்படும். வரைந்தவர் மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பதைப் படம் சொல்லாது.

ஆனால் படமாக இருப்பதால் ஒரு பெரும் பயன் உண்டு. அதைக் கணினியைக் கொண்டே துருவி ஆராயலாம். எல்லா உறுப்புகளும் எந்தெந்த வரிசையில் செயல்படக்கூடுமோ அத்தனையையும் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து, எங்கேனும் இருவர் ஒருவருக்காக ஒருவர் முடிவின்றிக் காத்து நிற்கின்றனரா, தகாத நிலை எதுவும் நேர்கிறதா என்று கண்டறியலாம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் இயற்றி 1991-இல் யாவருக்கும் கிடைக்கச் செய்த 'ஸ்பின்' என்னும் கருவி இப்பணியைச் செய்கிறது. பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில் உருவான 'பாத்ஸ்டார்' என்னும் தொலைபேசி அமைப்பின் அழைப்பு நிரல், அதிலிருந்து எடுத்த மாதிரியின் வாயிலாக இக்கருவியால் ஆராயப்பட்டது.

இத்தேடல் எளிதன்று. பத்து நிலைகள் உடைய பத்து உறுப்புகள் சேர்ந்தால் உண்டாகக்கூடிய கூட்டு நிலைகள் ஆயிரம் கோடி. எனவே தேவையற்ற நுணுக்கங்களை நீக்கி மாதிரியைச் சிறிதாக்கும் திறமையே இங்கு முதன்மை பெறுகிறது.

வசதிகள் மோதும்போது

தனித்தனியே சரியான இரண்டு வசதிகள் கூடும்போது தவறாகிவிடுவதும் உண்டு. ஒரு வீட்டுத் தொலைபேசியிலிருந்து குறிப்பிட்ட ஓர் எண்ணை யாரும் அழைக்கலாகாது என்று தடை செய்திருப்பதாகக் கொள்ளலாம். அவ்வீட்டிலிருந்து ஒருவர் தம் நண்பரை அழைக்கிறார். நண்பரோ தமக்கு வரும் அழைப்புகளை வேறோர் எண்ணுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். அந்த எண் தடை செய்யப்பட்ட அதே எண்ணாயின், அழைப்பை இணைப்பதா, மறுப்பதா? இணைத்தால் தடை பொய்க்கும். மறுத்தால் திருப்பும் வசதி பொய்க்கும். இரண்டு வசதிகளின் படத்திலும் பிழையில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்தாம் இல்லை.

இருபது வசதிகள் இருந்தால் இருவிரண்டாக 190 இணைகளையும், மும்மூன்றாக 1,140 கூட்டுகளையும் ஆராயவேண்டும். இதற்கென்றே அறிஞர்கள் 1992 முதல் பன்னாட்டு அரங்குகள் கூட்டி ஆராய்ந்துள்ளனர். பமேலா ஜேவ், மைக்கேல் ஜாக்சன் ஆகிய இருவரும் 1998-இல் ஒரு வழியைக் காட்டினர். அவர்கள் முறையில் ஒவ்வொரு வசதியும் தனிப்பெட்டி. அழைப்பு அப்பெட்டிகளை வரிசையாகக் கடந்து செல்லும். எந்தப் பெட்டி முன், எது பின் என்று வரிசையை வகுப்பதிலேயே மோதலில் யார் சொல் செல்லும் என்னும் முடிவும் அடங்கிவிடும்.

படத்தின் எல்லை

படம் எல்லாவற்றையும் காட்டும் என்று நம்புவது பேதைமை. வரைபவர் முக்கியமல்ல என்று கருதியதைப் படம் காட்டாது. 2014 ஏப்ரல் 9 நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவில் ஆபத்துக்கால உதவிக்கான 911 என்னும் எண்ணுக்குச் செல்லும் அழைப்புகள் ஏழு மாநிலங்களில் சிலமணி நேரம் தடைப்பட்டன. அழைப்புகளுக்கு அடையாள எண் வழங்கும் மென்பொருளில் முன்கூட்டியே ஓர் உச்ச வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கை அவ்வரம்பைத் தொட்டதும் அது அழைப்புகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. நிறைவேறாத அழைப்புகள் 6,600-க்கும் மேல். நிலைகளையும் செய்திகளையும் மட்டும் காட்டும் படத்தில், இத்தகைய எண் வரம்பு எளிதில் விடுபட்டுப்போகும்.

இன்னொரு கேடும் உண்டு. அவசரத்தில் ஒருவர் படத்தைத் தொடாமல் நிரலை மட்டும் கையால் திருத்திவிடுவார். அன்றே படமும் நிரலும் பிரிந்துவிடும். அதன்பின் படம் சுவரில் தொங்கும் அலங்காரமே. திருத்தம் எதுவாயினும் படத்தில் செய்து, நிரலை மீண்டும் அதிலிருந்தே ஆக்கும் ஒழுக்கம் இருந்தால்தான் இம்முறை பயன்தரும். சோதனைகளையும் படத்தோடு பொருத்தியே அமைத்தல் நன்று.

மென்பொருளில் பிழை புகும் வாயில்கள் இரண்டு. எண்ணத்தைப் படமாக்கும் இடம் ஒன்று. படத்தை நிரலாக்கும் இடம் மற்றொன்று. மாதிரியை முதலாகக் கொண்ட முறை இரண்டாவது வாயிலைப் பெரும்பாலும் அடைக்கிறது. முதல் வாயிலை அது அடைப்பதில்லை. அங்கே விளக்கேற்றி வைக்கிறது. அவ்வெளிச்சத்தில் பலர் கூடிப் பார்க்கலாம், கணினியும் துருவிப் பார்க்கலாம். ஆயினும் 'இந்த நேரத்தில் இச்செய்தி வந்தால் என்ன ஆகும்?' என்று கேட்கவேண்டியவர் மனிதரே. நள்ளிரவில் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து உதவிக்கு எண்ணை அழுத்துகிறவருக்கு இணைப்புக் கிடைப்பதும் கிடைக்காததும், அக்கேள்வியை யாரேனும் முன்பே கேட்டிருந்தார்களா என்பதைப் பொறுத்தது.